டவருக்குக் கீழே சிக்னல் இல்லாமல் போனது பற்றி மாப்பிள்ளைக்கு

பேரன்புக்கும், அதைவிடச் சற்றுக் கூடுதலான மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மனைவியின் ஒரே அண்ணனும், உங்கள் மகளின் தாய்மாமனும், இந்த ஊரில் பாதிக் கார்களுக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருமான நான் எழுதுவது. மீதிப் பாதிக் கார்கள்தான் ஒன்றையொன்று இடித்துக்கொள்கின்றன. இங்கே நான் சுகம். உங்கள் அக்கா, அதாவது என் மனைவி, முழங்கால் நீங்கலாகச் சுகம். எங்களோடு தங்கி வேலைக்குப் போகிற உங்கள் மகள் பாப்பா சுகம். வண்டியும் புதுக் கிளட்ச் போட்ட பிறகு சுகம். அங்கே நீங்களும் என் தங்கையும் டைல்ஸ் கடையும் சுகமாகத்தான் இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன், ஏனென்றால் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

நேற்று நீங்கள் போனில் கோபமாகப் பேசிக்கொண்டிருந்தபோது லைன் அறுந்துபோனது. நான்தான் வைத்துவிட்டேன் என்று நீங்கள் தங்கையிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். மாப்பிள்ளை பேசும்போது போனை வைக்கிற வம்சம் இல்லை நாங்கள். இப்போதைக்கு எங்கள் வீட்டில் குளியலறை ஜன்னல் ஓரத்தில் மட்டும்தான் சிக்னல் வருகிறது, அதுவும் வலது காதை வெளியே நீட்டினால்தான் வருகிறது, காது வலித்து உள்ளே இழுத்தேன், நீங்கள் போய்விட்டீர்கள். ஏன் அப்படி என்பது பின்னால் வரும். ஆனால் லைன் போவதற்கு முன்னால் நீங்கள் சொன்னது தெளிவாகவே கேட்டது. "ஞாயித்துக்கெழமை வண்டியோட வரேன், அவ பெட்டியக் கட்டி வைக்கச் சொல்லுங்க, ஆப்பும் வேண்டாம் கீப்பும் வேண்டாம், நம்ம கடையில பில் மேசையில உக்காரட்டும்" என்றீர்கள். கடைக்கு வந்த யாரோ ஒருவர், உங்கள் மகள் செய்த ஆப்பால் ஒரு ஊரே போன் இல்லாமல் கிடக்கிறது, ஆபீசில் அவளை விரட்டிவிட்டார்கள் என்று சொன்னாராம். மாப்பிள்ளை, இப்படி ஊதிப் பெருக்கிப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஊர் முழுவதும் இல்லை, நான்கே தெருதான். விரட்டவில்லை, வர வேண்டாம் என்றார்கள். இரண்டுக்கும் எவ்வளவோ வித்தியாசம் உண்டு. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்து முடித்த பிறகு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வருவீர்களா என்று உங்கள் மனசாட்சியைக் கேட்டுக்கொள்ளுங்கள். வர வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள். தபாலை நம்பாமல், உங்கள் கடைக்குச் சரக்கு ஏற்றி வரும் லாரி டிரைவரிடமே இதைக் கொடுத்து அனுப்புகிறேன். அவரும் என் மாணவர்தான். அவர் இல்லை என்பார், நம்ப வேண்டாம்.

பாப்பா செய்யும் ஆப் என்னவென்று நான் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். நான் எட்டாவது வரை படித்தவன். அதோடு நிறுத்தியதற்குக் காரணம், ஒன்பதாவதில் எனக்குச் சொல்லிக்கொடுக்க அவர்களிடம் ஒன்றும் மிச்சமில்லை. ஒரு போனில் இந்த ஆப்பைப் போட்டுத் தெருத்தெருவாகக் கொண்டுபோனால், போகிற இடமெல்லாம் சிக்னல் எவ்வளவு கிடைக்கிறது என்று அதுவே அளந்து, மேப்பில் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே வரும். நல்ல சிக்னலுக்குப் பச்சைப் புள்ளி, சுமாருக்கு மஞ்சள், மோசத்துக்குச் சிவப்பு, ஒன்றுமே இல்லாவிட்டால் கறுப்பு. அளப்பதெல்லாம் கழித்தல் கணக்கில். கழித்தல் நூறைத் தாண்டினால் மோசம், கழித்தல் அறுபதுக்குப் பக்கம் வந்தால் அருமை. அதாவது எண் குறையக் குறையப் பாஸ். என் பள்ளிக்கூடத்தில் இந்த முறை இருந்திருந்தால் நான் இன்றைக்குப் பெரிய அதிகாரி.

இந்த ஆப்பை ஒரு பெரிய போன் கம்பெனி எங்கள் பக்கத்துத் தெருக்களில் மட்டும் ஓட்டிப் பார்க்கச் சம்மதித்திருந்தது. சரியாக இருந்தால் ஊர் முழுவதற்கும் எடுத்துக்கொள்வார்கள், பாப்பாவின் வேலை நிரந்தரமாகிவிடும், இல்லாவிட்டால் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே மாடியில் இருக்கிற அந்தச் சின்ன ஆபீசே இருக்குமோ இருக்காதோ. அவளுடைய மேனேஜர் கையில் எப்போதும் தண்ணீர் பாட்டில் வைத்திருப்பார். பயம் வந்தால் ஒரு வாய் குடிப்பார். ஆகவே நாள் முழுவதும் குடிப்பார். ஒருநாள் பாப்பா என்னிடம் வந்து, "மாமா, தெருத்தெருவா மெதுவாப் போற வண்டி ஒண்ணு வேணும், வேகமாப் போனா புள்ளி தள்ளித் தள்ளி விழுது" என்றாள்.

"மெதுவான்னா எவ்வளவு மெதுவா?"

"உங்க ஸ்டூடன்ட்ஸ் ஓட்டுற மாதிரி."

உலகத்தில் ஒரு தெருவை டிரைவிங் ஸ்கூல் வண்டி பார்க்கிற அளவுக்கு வேறு எந்த வண்டியும் பார்ப்பதில்லை, மாப்பிள்ளை. ஒவ்வொரு குழியும் எனக்குத் தனித்தனியாகப் பழக்கம். உடனே சம்மதித்தேன். டாஷ்போர்டில் ரப்பர் பிடியில் அந்தப் போனை மாட்டினாள். அன்று மாலையே மேப்பில் புள்ளிகள் எறும்பு வரிசை மாதிரி நெருக்கமாக விழுந்திருந்தன. "மாமா, நடந்து போறவங்களே உங்களை ஓவர்டேக் பண்றாங்க, டேட்டா அருமையா வந்திருக்கு" என்றாள். இத்தனை வருஷ அனுபவத்தில் என் வேகத்தை ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

ஆனால் எந்தப் பெரிய காரியமும் தொல்லை இல்லாமல் வருவதில்லை. முதல் வாரம் பாதித் தெருக்களில் புள்ளியே விழவில்லை. நான் எதையும் சுத்தமாக வைத்துக்கொள்கிறவன். ஒரு பாடம் முடிந்ததும் கண்ணாடியைத் துடைப்பேன், மிதியடியைத் தட்டுவேன், போனில் திறந்து கிடக்கிறதையெல்லாம் விரலால் மேலே தள்ளி மூடிவிடுவேன். அதில் அவளுடைய ஆப்பும் சேர்ந்து மூடிக்கொண்டிருக்கிறது. பாப்பா அன்றைக்கே, மூடினாலும் தானே மறுபடி எழுந்து ஓடுகிற மாதிரி மாற்றி, திரையின் மேலே "ஓடிக்கொண்டிருக்கிறது, மூட வேண்டாம் மாமா" என்று ஒரு வரியும் போட்டுவிட்டாள். அந்த வரி இன்றைக்கும் அந்த ஆப்பில் இருக்கிறது. 'மாமா' என்பதை மட்டும் பின்னால் எடுத்துவிட்டார்களாம், மேனேஜர் சொன்னாராம்.

அடுத்தது முச்சந்தியில். என்னிடம் ஒரு பல் டாக்டர் அம்மா வண்டி பழகிக்கொண்டிருக்கிறார். மனிதர்களின் வாய்க்குள்ளே நூலிழை பிசகாமல் வேலை பார்க்கிறவர், வாய்க்கு வெளியே கிளட்சை மெதுவாக விடத் தெரியாது. முச்சந்தியில் வண்டி நின்றால் நின்றதுதான். மேப்பில் அந்த இடத்தில் புள்ளிமேல் புள்ளியாக விழுந்து கொப்புளம் மாதிரி வீங்கிவிட்டது.

"மாமா, அந்த இடத்துல ஏன் இத்தனை புள்ளி?"

"பல் டாக்டர் அம்மா கிளட்ச் விட்டாங்க."

"எத்தனை தடவை?"

"பின்னாடி இருந்த பஸ் டிரைவர் இறங்கி வந்து, கதவைத் திறந்து, எங்களோட உக்காந்து பேசுற வரைக்கும்."

வண்டி ஒரே இடத்தில் நின்றால் ஒரு தடவைதான் எண்ண வேண்டும் என்று ஒரு விதியைப் பாப்பா ஆப்பில் எழுதினாள். ஆபீசில் அதற்குப் 'பல் டாக்டர் வடிகட்டி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஆக அந்த ஆப்பில் ஏற்கெனவே என் ஸ்கூலின் பங்கு இரண்டு இருக்கிறது. மூன்றாவதுதான் பெரியது.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு முட்டுச்சந்து இருக்கிறது. ரிவர்ஸ் பழக்குவதற்கு அதைவிட நல்ல இடம் எங்கேயும் கிடையாது, மூன்று பக்கமும் சுவர், இடித்தாலும் சுவரைத்தான் இடிக்க முடியும். அங்கே பாடம் நடக்கும்போது நான் ரொம்பக் கண்டிப்பு, வண்டிக்குள் ஈ பறக்கக்கூடாது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் போன் கம்பெனியின் டவர் வானத்தைக் குத்திக்கொண்டு நிற்கிறது. அதாவது ஊரிலேயே சிக்னல் கொட்டோ கொட்டென்று கொட்ட வேண்டிய இடம். ஆனால் மேப்பில் அந்த முட்டுச்சந்து முழுவதும் கறுப்பு. தினமும் கறுப்பு. சுற்றிலும் பச்சையாக இருக்க, நடுவில் தீய்ந்துபோன ஓட்டை மாதிரி.

பாப்பா போனை மாற்றினாள். கறுப்பு. சிம்மை மாற்றினாள். கறுப்பு. ஆப்பில் நான்கு இடத்தில் பிரித்துப் போட்டு மறுபடி கோர்த்தாள், அப்போதும் கறுப்பு. அந்தப் போனைக் கையில் எடுத்துக்கொண்டு தானே அந்தச் சந்துக்கு நடந்துபோனாள், பச்சைப் பசேலென்று வந்தது. சரி, வண்டித் தகரம்தான் சிக்னலைத் தடுக்கிறது போலிருக்கிறது என்று, பாடம் இல்லாத ஒரு விடுமுறை நாளில் என் வண்டியிலேயே என்னோடு உட்கார்ந்து வந்தாள். நான் அந்தச் சந்துக்குள் நேராகப் போய் நேராக வெளியே வந்தேன். அப்போதும் பச்சை. மறுநாள் பாடத்துக்குப் போனேன், கறுப்பு.

"நான் வந்தா பச்சை, நீங்க போனா கறுப்பு. என்ன மாமா இது" என்றாள்.

"டவருக்கு உன்னைப் பிடிச்சிருக்கு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. வண்டி மேலே இருக்கிற என் ஸ்கூல் பலகையைக் கழற்றச் சொன்னாள். கழற்றினேன். பலகை இல்லாமல் போனதால் பல் டாக்டர் அம்மா ஓட்டுவதை ஜனங்கள் சாதாரண ஓட்டம் என்று நினைத்து ஏசிய ஏச்சை எழுத்தில் எழுத முடியாது. கறுப்பு போகவில்லை. "மாமா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கக்கூடாது. வண்டி ஓடும்போது அந்தப் போனைத் தொடுறீங்களா?" என்று கேட்டாள். "வண்டி ஓடும்போது போனைத் தொடுறவனுக்கு என் ஸ்கூல்ல இடமே கிடையாது" என்றேன். சத்தியமான வார்த்தை, மாப்பிள்ளை. இதைக் கேட்டுக்கொண்டே துணி மடித்துக்கொண்டிருந்த உங்கள் அக்கா, "இவர் கைபட்டா டிவி ரிமோட்டே கோவிச்சுக்குது, போன் மட்டும் என்ன செய்யும்" என்றாள். திறமை உள்ளவனுக்கு வீட்டில் என்ன மதிப்பு கிடைக்கும் என்பது உங்களுக்கும் தெரியும்.

இதற்கு நடுவில் மேனேஜருக்கு அவசரம். பாப்பா, "இன்னும் கொஞ்சம் பொறுங்க சார், இது சரியா இல்லைன்னு தோணுது" என்று சொல்லச் சொல்ல, அந்த மேப்பை அப்படியே போன் கம்பெனிக்கு அனுப்பிவிட்டார். உங்கள் டவரின் காலடியிலேயே உங்கள் சிக்னல் இல்லை என்று ஒருவன் படம் போட்டுக் காட்டினால் கம்பெனிக்கு எப்படி இருக்கும். அலறியடித்துக்கொண்டு ஆட்கள் வந்து டவரில் ஏறினார்கள். மேலே இருக்கிற பெட்டிகளை இப்படித் திருப்பினார்கள், அப்படிச் சாய்த்தார்கள், முட்டுச்சந்தைப் பார்த்துக் குனிய வைத்தார்கள். முட்டுச்சந்தில் ஏற்கெனவே வழிந்துகொண்டிருந்த சிக்னல் இன்னும் வழிந்தது. மற்ற நான்கு தெருக்களில் போய்விட்டது. மருந்துக்கடையில் கார்டு தேய்க்கிற மெஷின் வேலை செய்யவில்லை. முடிவெட்டுகிறவர் கடை வாசலில் ஸ்டூல் போட்டு ஏறி நின்று போன் பேசினார், பாதி வெட்டிய தலையோடு ஒருவர் கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தார், நானே பார்த்தேன். நம் வீட்டுச் சிக்னல் குளியலறைக்குப் போய் ஒதுங்கியதும் அப்போதுதான். திருப்பியதைச் சரியாகத் திருப்பி வைக்க இன்னும் அவர்களால் முடியவில்லை.

கடைசியில் கம்பெனி அளந்து பார்த்து, டவரில் ஒரு கோளாறும் இல்லை, ஆப்தான் பொய் சொல்கிறது என்று முடிவுகட்டியது. மேனேஜர் ஒரு பாட்டில் தண்ணீரை முழுவதும் குடித்துவிட்டு, "காரணம் தெரியுற வரைக்கும் நீ ஆபீஸ் பக்கம் வர வேண்டாம்மா" என்று பாப்பாவிடம் சொல்லிவிட்டார். இதைத்தான் உங்கள் கஸ்டமர் விரட்டியதாகச் சொல்லியிருக்கிறார்.

மாப்பிள்ளை, நான் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன் என்று நீங்கள் நினைப்பீர்கள். இதைக் குறைத்தே சொல்கிறேன். சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். தட்டை நகர்த்தினால் நகரும், அதில் வைத்த சோறு வைத்தபடி இருக்கும். எங்களிடம் முகத்தைச் சுளிக்கவில்லை, கதவைச் சாத்திக்கொள்ளவில்லை, கேட்டதற்கு ஒரு வார்த்தை பதில் சொன்னாள். ஒருநாள் மட்டும் என்னிடம், "அப்பாகிட்ட இப்ப சொல்லாதீங்க மாமா. தப்பு என்னோடதுன்னு தெரிஞ்சா நானே வந்து பில் மேசையில உக்காந்துக்கறேன். தெரியாம வந்து உக்காந்தா, உக்காந்திருக்கிற நாளெல்லாம் இதையே யோசிச்சுட்டு இருப்பேன்" என்றாள். நான் உங்களுக்குச் சொல்லாமல் இருந்ததற்கு இதுதான் காரணம். ஏச வேண்டுமானால் என்னை ஏசுங்கள்.

மறுநாள் அவளாகவே எழுந்து, போன் கம்பெனியின் இன்ஜினியருக்குப் போன் போட்டாள். குளியலறை ஜன்னலிலிருந்துதான். ஒரே ஒரு தடவை வண்டியில் வந்து பாருங்கள் என்று கேட்டாள். அந்த அம்மா மஞ்சள் ஹெல்மெட், கனத்த பூட்ஸ், பார்த்தாலே நான் வண்டியை ஓரம் கட்டுகிற மாதிரி ஒரு பார்வை. நான் அவருக்கு டவர் அம்மா என்று பெயர் வைத்தேன். டவர் அம்மா வருகிறேன் என்றதும் நான் வண்டியைக் கழுவ வாளியை எடுத்தேன். பாப்பா வாளியைப் பிடுங்கி வைத்துவிட்டாள். "கழுவாதீங்க. பலகையைப் பழையபடி மாட்டுங்க. பல் டாக்டர் அம்மாவுக்கு எப்பவும் போல பாடம் எடுங்க. எங்களுக்காக ஒண்ணையும் மாத்தாதீங்க மாமா, தினமும் என்ன செய்வீங்களோ அதை மட்டும் செய்யுங்க" என்றாள். தினமும் செய்வதை மட்டும் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஸ்டியரிங்கில் பல் டாக்டர் அம்மா. பக்கத்தில் நான். பின்னால் ஒரு ஓரம் டவர் அம்மா, ஒரு ஓரம் தண்ணீர் பாட்டிலோடு மேனேஜர், நடுவில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பாப்பா. போனிலிருந்து ஒரு வயர் அதற்கு வருகிறது, புள்ளி விழ விழ உடனே தெரியும். முச்சந்தியில் வழக்கம்போல நின்றோம். மேனேஜர் குடித்தார். முட்டுச்சந்துக்குள் நுழைந்தோம், பச்சை விழுந்துகொண்டே வந்தது. கடைசிச் சுவர்கிட்ட வண்டியை நிறுத்தச் சொன்னேன். "ரிவர்ஸ் போடுங்க. கண்ணாடி பாருங்க. திரும்பியும் பாருங்க, கண்ணாடியை மட்டும் நம்பாதீங்க" என்றேன். வண்டி பின்னால் நகர்ந்தது. லேப்டாப்பில் முன்பு விழுந்த பச்சைமேலேயே ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தது. அடுத்ததும் கறுப்பு.

"நிறுத்துங்க" என்றார் டவர் அம்மா.

நிறுத்துவதில் பல் டாக்டர் அம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது. வண்டி ஒரு குதி குதித்து நின்றதில் பாட்டில் தண்ணீர் பூராவும் மேனேஜர் மடியில் போய்விட்டது.

"மாமா, இப்ப என்ன பண்ணீங்க?" என்றாள் பாப்பா.

"ரிவர்ஸ் சொல்லிக்கொடுத்தேன்."

"அதுக்கு முன்னாடி?"

"பிரேக் மிதிச்சேன். என் பக்கமும் ஒரு பிரேக் இருக்குல்ல."

"கையால?"

"கையால ஒண்ணும் பண்ணலயே."

"போன்ல அந்த விமானத்தைத் தட்டினீங்களே மாஸ்டர், தினமும் தட்டுவீங்களே" என்றார் பல் டாக்டர் அம்மா, முன்னாலேயே பார்த்துக்கொண்டு.

மாப்பிள்ளை, உங்களுக்குத் தெரிந்திருக்கும், போன் திரையை மேலிருந்து இழுத்தால் ஒரு குட்டி விமானப் படம் வரும். அதைத் தட்டினால் போன் ஊரோடு தொடர்பை அறுத்துக்கொண்டு கம்மென்று இருக்கும், யார் கூப்பிட்டாலும் அடிக்காது. முன்பு செருப்புக்கடைக்காரர் ஒருவர் என்னிடம் பழகிக்கொண்டிருந்தார். ரிவர்ஸ் எடுக்கும்போது போன் அடித்தது. அவர் வீட்டம்மா. மனிதர் பயத்தில் இரண்டு கையையும் தூக்கிவிட்டார், வண்டி தானாகப் பின்னால் போய் வாட்ச்மேன் நாற்காலியை மடக்கி வைத்துவிட்டது. நல்ல காலம், வாட்ச்மேன் அந்த நேரம் நாற்காலியில் இல்லை. அன்றிலிருந்து என் ஸ்கூலில் சட்டம்: ரிவர்ஸ் என்றால் வண்டியில் உள்ள போனுக்கெல்லாம் விமானம். வண்டியை நிறுத்திவிட்டுத்தான் தட்டுவேன், ஓடும்போது தொடமாட்டேன் என்று நான் சொன்னதில் ஒரு எழுத்துப் பொய் கிடையாது. ரிவர்ஸ் முடிந்ததும் சந்துக்கு வெளியே வண்டியை நிறுத்தி மறுபடி தட்டி எழுப்பிவிடுவேன். கால் பிரேக்கை மிதிப்பது மாதிரி, விரல் அதுபாட்டுக்குச் செய்துகொண்டிருந்திருக்கிறது. பாப்பா வந்த விடுமுறை நாளில் பாடமும் இல்லை, ரிவர்ஸும் இல்லை, விமானமும் இல்லை.

இத்தனை படித்தவர்கள், டவரில் ஏறியவர்கள், யாராலும் கண்டுபிடிக்க முடியாததை ஒரே தட்டில் நான் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டேன். வண்டியே ஸ்தம்பித்துவிட்டது. டவர் அம்மா கைதட்டினார். தட்டிய இடம் அவருடைய நெற்றி என்று பல் டாக்டர் அம்மா பிறகு சொன்னார். சத்தம் ஒன்றுதான்.

ஈரத்தோடு உட்கார்ந்திருந்த மேனேஜர்தான் முதலில் வாயைத் திறந்தார். "மேடம், ஆப்ல ஒண்ணும் தப்பில்ல, பாத்தீங்கல்ல, இந்தப் பெரியவர்தான் இத்தனையும் பண்ணியிருக்கார்" என்றார். பெரியவராம். அவர் தலையில் இருப்பதைவிட என் தலையில் முடி அதிகம்.

அப்போது பாப்பா சொன்னதை நான் வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன், வேறு எங்கே கூட்டியிருந்தாலும் இங்கே கூட்டவில்லை. "இல்ல சார், மாமா மேல தப்பில்ல. அவர் வண்டியில பாதுகாப்புக்கு அவர் செய்ய வேண்டியதைச் செஞ்சிருக்கார். போனை ஒருத்தர் தானே அணைச்சு வச்சா, அதையும் டவர் கொடுக்கலன்னு எழுதுற ஆப் தப்பு. சிக்னல் இல்லாததும், கேக்காம இருக்கிறதும் வேற வேற. ரெண்டுக்கும் நான் ஒரே கறுப்பு வச்சிருந்தேன். அது என் தப்பு" என்றாள்.

பல் டாக்டர் அம்மாகூட கிளட்சை அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். தப்பை என் மடியில் போட்டுவிட்டு அவள் வேலையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம், மேனேஜரே வழி போட்டுக் கொடுத்துவிட்டார். அவள் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அது உங்கள் பக்கத்துக் குணமா எங்கள் பக்கத்துக் குணமா என்று நாம் நேரில் பேசி முடிவு செய்யலாம், எங்கள் பக்கம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அதே பின் இருக்கையில் உட்கார்ந்தபடியே, போன் அணைத்து வைத்திருந்தால் சாம்பல் நிறப் புள்ளி விழ வேண்டும் என்று ஆப்பை மாற்றினாள். மாற்றி முடிக்கிற வரைக்கும் பல் டாக்டர் அம்மா ரிவர்ஸ் பழகினார். சுவர் தப்பித்தது. பிறகு விமானத்தைத் தட்டச் சொன்னாள், தட்டினேன். சாம்பல். மறுபடி தட்டினேன். பச்சை. டவர் அம்மா அந்தத் திரையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்களுக்கு வர்ற புகார்ல எத்தனை இப்படி இருக்குமோ. ஒரு ஊருக்கு எத்தனை மாமா இருப்பாங்க" என்றார். மேனேஜர் பக்கம் திரும்பி, "இந்தப் பொண்ணையா வராதேன்னு சொன்னீங்க?" என்றார். மேனேஜர் பாட்டிலை வாய்க்குக் கொண்டுபோனார். அதில் ஒன்றும் இல்லை.

மறுநாளிலிருந்து பாப்பா ஆபீசுக்குப் போகிறாள். மேனேஜர் அவளைப் பார்த்ததும் எழுந்து நிற்கிறார் என்று கேள்வி. டவர் அம்மா வண்டியிலிருந்து இறங்கும்போது, "இந்த மாதிரி ஒருத்தர் எங்க ஆபீஸ்ல இருக்கணும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். பாப்பாவைப் பார்த்துச் சொல்லியிருப்பார் என்கிறாள் உங்கள் அக்கா. அவள் அந்த வண்டியில் இல்லை.

ஆகவே மாப்பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். பில் மேசைக்குக் கூட்டல் தெரிந்த யாராவது போதும், அவளுக்குக் கழித்தலே தெரியும். தெருவைப் பார்த்த அறை அவளுக்கென்றே இருக்கிறது. உங்கள் அக்கா அவள் வந்த பிறகுதான் சாயங்காலத்தில் விளக்கைப் போட்டுவிட்டு வாசலைப் பார்க்கப் பழகியிருக்கிறாள், முன்பெல்லாம் டிவியைத்தான் பார்ப்பாள். நான் ஸ்கூலில் நடந்ததைச் சொன்னால் நடுவில் எழுந்து போகாமல் கேட்கிற ஒரே ஆள் அவள்தான். ஆப்புக்கு என் வண்டி வேண்டும், என் வண்டிக்கு அவள் வேண்டும். ஆகவே அவள் இங்கேயே இருக்கட்டும், இன்னும் எத்தனை வருஷமானாலும் இருக்கட்டும். இதை நான் ஒரு தாய்மாமனாகக் கேட்கிறேன், அதற்கு மேலும் கெஞ்ச வேண்டுமென்றால் அதற்கும் தயார்.

தங்கைக்கு அண்ணனின் ஆசி. உங்களுக்கு ஆசி சொல்லும் வயது எனக்கு இருந்தாலும், வீட்டு மாப்பிள்ளை என்பதால் வணக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். கடையில் டைல்ஸ் உடையாமலும் உடம்பில் பிரஷர் ஏறாமலும் நீங்கள் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
இன்றுவரை வண்டியை எதிலும் இடித்தறியாத (பால் வண்டி நீங்கலாக, அது பால்காரர் தப்பு)
உங்கள் மச்சான்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகிற நேரத்தில் பாப்பா ஆபீசிலிருந்து வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே நின்றாள். டவர் அம்மாவின் கம்பெனி அவளைத் தங்கள் தலைமை ஆபீசுக்கே எடுத்துக்கொள்கிறதாம். ரயிலில் ஒரு ராத்திரி ஒரு பகல் தூரம். செவ்வாய்க்கிழமை சேர வேண்டும், ஞாயிறு சாயங்காலம் ரயில். சரி என்று சொல்லிவிட்டே வந்திருக்கிறாள். "அப்பாகிட்ட நீங்கதான் சொல்லணும் மாமா" என்றாள். "நான் சொன்னா அவர் மாட்டேன்னு சொல்லவே மாட்டார்" என்றேன். அது எவ்வளவு தூரம் உண்மை என்பதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே மேலே வர வேண்டாம் என்று எழுதியிருக்கிற இடத்திலெல்லாம் வரவும் என்று படிக்கவும். இங்கேயே இருக்கட்டும் என்று எழுதியதை அடித்துவிடவும். பில் மேசையைப் பற்றி அன்றைக்கு அவளிடம் பேச வேண்டாம், பேசியே ஆக வேண்டும் என்றால் ரயில் போன பிறகு என்னிடம் பேசுங்கள், நடுவில் எழுந்து போகாமல் கேட்கிறேன். நீங்கள் வராவிட்டால் அவளை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விட நான் ஒருவன்தான் இருக்கிறேன். பாதி வழியில் நான் வண்டியை நிறுத்திவிட்டு இன்ஜினில் ஏதோ கோளாறு என்று ரயில் போகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருப்பேனாம், உங்கள் அக்கா சொல்கிறாள். என்னைப் பற்றி அவள் சொன்னது இதுவரை ஒன்றுகூடச் சரியாக இருந்ததில்லை. இது மட்டும் எனக்கே சந்தேகமாக இருக்கிறது. காலையிலேயே வந்துவிடுங்கள் மாப்பிள்ளை. ஸ்டியரிங்கை நீங்கள் பிடியுங்கள்.